பிரேஸிங் ஃபில்லரை எந்த வடிவத்துல வாங்கணும்: ராட், ரிங், ஃபாயில், பேஸ்ட், கிளாட் ஷீட் வரைக்கும்

பிரேஸிங் பண்ண ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது எத்தனை சதவீதம் வெள்ளி இருக்குற ராட் வாங்கலாம்னுதான். கேக்க வேண்டிய கேள்விதான், ஆனா அதே அளவுக்கு முக்கியமான இன்னொண்ண பெரும்பாலும் யாரும் கேக்குறதில்ல, அந்த அலாய எந்த வடிவத்துல வாங்கணும்னு. ஒரே 56 சதவீத வெள்ளி அலாய் நீளமான ராடா கிடைக்கும், சுருள் வயரா கிடைக்கும், ரிங், வாஷர், மெல்லிசான தகடு, பவுடர், சிரிஞ்சுல அடைச்ச பேஸ்ட்னு எல்லா ரூபத்துலயும் கிடைக்கும். உள்ள இருக்குற மெட்டல் ஒண்ணுதான், ஆனா வேலை செய்யும்போது ஒவ்வொண்ணும் வேற வேற மாதிரி நடந்துக்கும். ஃபில்லர், அதாவது ரெண்டு பீஸையும் சேக்க உருக்கி விடுற மெட்டல், ஜாயின்ட்டுக்கு எப்ப வருது, எவ்வளவு வருது, எந்தப் பக்கத்துல இருந்து உள்ள போகுது, இந்த மூணையும் முடிவு பண்றது வடிவம்தான். நல்ல அலாய் வாங்கியும் ஜாயின்ட் லீக் ஆகுதுன்னா பாதி நேரம் விஷயம் இங்கதான் இருக்கும்.

அடிப்படைய மட்டும் வேகமா சொல்லிடறேன். ஃபில்லரோட லிக்விடஸ், அதாவது முழுசா திரவமாகுற வெப்பநிலை, 450 டிகிரி செல்சியஸுக்கு மேல இருந்தா அது பிரேஸிங், கீழ இருந்தா சால்டரிங். சேக்கப்போற பீஸ் உருகவே கூடாது, ரெண்டு பீஸுக்கும் நடுவுல இருக்குற சின்ன கேப்புக்குள்ள ஃபில்லர் கேப்பிலரி இழுப்புல தானா ஓடணும். வெள்ளி அலாய்களுக்கு அந்த கேப் பொதுவா 0.05ல இருந்து 0.13 மில்லிமீட்டர் வரைக்கும் இருந்தா நல்லது. சுத்தமான காப்பர வச்சு ஃபர்னஸ்ல ஸ்டீல பிரேஸ் பண்றப்போ கேப்பே இல்லாம இறுக்கமா அடிச்சுப் பொருத்தினாலும் ஓடிடும். கேப் பெருசா இருந்தா எந்த வடிவத்துல ஃபில்லர் வாங்கினாலும் காப்பாத்தாது, அதனால முதல்ல ஃபிட்டிங்க சரி பண்ணிட்டு அப்புறம் இத படிங்க.

வடிவத்த தேர்ந்தெடுக்க நீங்க உங்களையே கேட்டுக்க வேண்டியது இதுதான்: சூடா இருக்கும்போது உங்க கை அந்த ஜாயின்ட் பக்கத்துல போக முடியுமா? முடியும்னா ராட் போதும். ஃபர்னஸ்குள்ள போற வேலையா இருந்தா, இல்ல ஒரே மாதிரி நூத்துக்கணக்குல பண்ற வேலையா இருந்தா, ஃபில்லர் முன்னாடியே ஜாயின்ட்ல உக்காந்திருக்கணும், அப்ப ரிங், ஃபாயில், பேஸ்ட், கிளாட் ஷீட்னு போகணும். மத்ததெல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

ராடும் வயரும்

ராட் எல்லாருக்கும் தெரிஞ்சது. பெரும்பாலும் அரை மீட்டர் நீளத்துல, 1.5ல இருந்து 3 மில்லிமீட்டர் வரைக்கும் தடிமன்ல வரும். ரெஃப்ரிஜிரேஷன் வேலைல காப்பர் குழாய்க்கு போடுற காப்பர் பாஸ்பரஸ் ராட் பட்டையாவும் வரும். அந்த அலாய் குளிர்ந்த நிலைல வளைஞ்சு கொடுக்காது, பாஸ்பரஸ் அதிகமாக அதிகமாக ஒடியிற குணம் வந்துடும், அதனால சூடா இருக்கும்போதே அச்சுல தள்ளி எக்ஸ்ட்ரூட் பண்ணித்தான் ராடாக்குவாங்க. வெள்ளி அலாய்ல பாதிக்கு மேல நல்லா இழுபடும், அதான் அது மெல்லிசு வயரா சுருள்லயும் தாராளமா கிடைக்குது.

ராட் போடும்போது எல்லாருக்கும் வர்ற தப்பு ஃப்ளேம ராட் மேல காட்டுறது. ஃப்ளேம் பீஸ் மேலதான் இருக்கணும், பீஸோட சூட்டுலதான் ராட் உருகணும். ஃப்ளேம் அடிக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்துல ராட் நுனிய வச்சுத் தொட்டுப் பாருங்க, உருகி இழுத்துக்கிட்டா சூடு சரி, ஒட்டிக்கிட்டு உருண்டையா நின்னா இன்னும் சூடு வேணும். உருகின ஃபில்லர் எப்பவும் சூடு அதிகமா இருக்குற பக்கத்தப் பாத்துதான் ஓடும், அதனால குழாய்ல ராட ஒரு பக்கம் தொட்டுட்டு ஃப்ளேம எதிர்ப்பக்கம் மெதுவா நகத்தினா சுத்தி வந்து சேந்துடும்.

தடிமன் எப்படி தேர்ந்தெடுக்குறது? சின்ன ஜாயின்ட்டுக்கு 3 மில்லிமீட்டர் ராட் எடுத்தீங்கன்னா நுனி பட்ட உடனே பீஸ் சூட்ட இழுத்துக்கும், அதோட ஒரு சொட்டே தேவைக்கு மேல போயிடும். அரை இன்ச் குழாய் மாதிரி வேலைக்கு 1.5, 2 மில்லிமீட்டரே தாராளம். ராட் தீர்ற நேரத்துல கைல மிஞ்சுற துண்ட தூக்கிப் போடாதீங்க, புது ராட் நுனியோட அத சேத்து உருக்கி ஒட்டிட்டு தொடரலாம், வெள்ளி ராட்ல அது நிஜமாவே காசு.

ஃப்ளக்ஸ், அதாவது சூட்டுல மெட்டல் மேல கட்டுற ஆக்ஸைட கரைச்சு எடுக்குற பொருள், பூசின ராட் பத்தி கொஞ்சம் அழுத்தமா சொல்லணும். பூச்சு இருக்கே, தனியா ஃப்ளக்ஸ் எதுக்குன்னு நிறைய பேரு நினைக்கிறாங்க. அந்த ராட்ல இருக்குற ஃப்ளக்ஸ், ராட் பீஸத் தொட்டதுக்கு அப்புறம்தான் வேலைய ஆரம்பிக்கும், ஆனா பீஸ் அதுக்கு முன்னாடியே முழுசா சூடாகி ஆக்ஸைடு கட்டியிருக்கும், அதுவும் குழாய் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஆழமா போற ஜாயின்ட்ல உள்பக்கத்துக்கு அந்த ஃப்ளக்ஸ் போய் சேர்றது சந்தேகம்தான். அதனால பரப்பு கம்மியான ஜாயின்ட்டுக்கு, ரிப்பேர் வேலைக்கு, மேல வழியவிட்டுக் கட்டுற பித்தளை பிரேஸிங்குக்கு பூச்சு ராட் அருமை. ஓவர்லாப் ஆழமா இருந்தா பூச்சு ராட் வச்சிருந்தாலும் பேஸ்ட் ஃப்ளக்ஸ ரெண்டு பீஸ்லயும் தடவிட்டு சொருகுங்க. பூச்சு ராட வளைச்சா பூச்சு உதிர்ந்துடும், ஈரம் பட்டா ஊறி உரிஞ்சு வந்துடும், வாங்கின டப்பாலயே மூடி வைங்க.

ஃப்ளக்ஸ் உள்ள அடைச்ச வயரும் இருக்கு, ஒரு மெல்லிசு பட்டைய சுருட்டி நடுவுல ஃப்ளக்ஸ் பவுடர் வச்சு மூடினது. வளைச்சாலும் ஃப்ளக்ஸ் உதிராது, மெஷின்ல ஊட்டலாம், ரிங்காவும் சுத்தலாம். அலுமினியத்துக்கு இது பெரிய வசதி, 12 சதவீத சிலிக்கான் இருக்குற 4047 அலாய்லயும் ஜிங்க் அலுமினியம் அலாய்லயும் இப்படி வருது. ஜிங்க் 78, அலுமினியம் 22ங்கிற கலவை 426ல உருக ஆரம்பிச்சு 482ல முழுசா உருகும், அலுமினியம் குழாய்க்கு ஆபத்தில்லாம நிறைய இடைவெளி கிடைக்கும். கூடவே ஒரு பிரச்சினை, அலுமினியம் சூடாகுறது கண்ணுக்கே தெரியாது, சிவக்காமலேயே உருகி விழுந்துடும், அதனால ஃப்ளக்ஸ் உருகி தண்ணி மாதிரி ஆகுறத வச்சுத்தான் சூட்ட கணிக்கணும், அந்த விதத்துலயும் இந்த வயர் கை கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை இங்கயே சொல்லிடறேன். காப்பர் பாஸ்பரஸ் ராட் காப்பர் மேல காப்பர்னா ஃப்ளக்ஸே இல்லாம ஓடும், பாஸ்பரஸே ஆக்ஸைட எடுத்துடும். பித்தளை ஒரு பக்கம் வந்தா ஃப்ளக்ஸ் வேணும். ஸ்டீல், நிக்கல் மேல எந்த வடிவத்துல வந்தாலும் அத போடவே கூடாது, இடைல ஒடியிற பாஸ்பைடு படலம் உருவாகி, பாக்க ஒட்டின மாதிரி இருந்துட்டு அதிர்வுல விட்டுடும்.

ரிங், வாஷர் மாதிரி முன்னாடியே செஞ்ச துண்டுகள்

பிரேஸிங்க ஒரு ஆளோட கைத்திறமையில இருந்து பிரிச்சு, யார் பண்ணாலும் ஒரே மாதிரி வர வைக்கிறது ப்ரீஃபார்ம்னு சொல்ற இந்த துண்டுகள்தான். வயர ரிங்கா சுத்துறது, ஷீட்ல இருந்து வாஷரா பஞ்ச் பண்றது, ஸ்ட்ரிப்ப அளவா வெட்டுறது, எல்லாமே இதுல சேரும். அளவு முன்னாடியே தீர்மானம் ஆயிடுது, மிச்சம் வழியிறதும் இல்ல, பத்தாம போறதும் இல்ல. ஆனா அந்த அளவ நீங்கதான் கணக்கு போடணும்.

கணக்கு கஷ்டமே இல்ல. வெளி விட்டம் 12.7 மில்லிமீட்டர் குழாய், சாக்கெட்டுக்குள்ள 10 மில்லிமீட்டர் போகுது, ஒரு பக்க கேப் 0.075 மில்லிமீட்டர்னு வைங்க. கேப்போட கன அளவு 3.14 பெருக்கல் 12.7 பெருக்கல் 10 பெருக்கல் 0.075, கிட்டத்தட்ட 30 கன மில்லிமீட்டர். அதுக்கு மேல ஜாயின்ட் ஓரத்துல வளைவா நிக்கிற மெட்டலுக்கும் (இதத்தான் ஃபில்லட்னு சொல்வாங்க), ரிங் அளவுல வர்ற வித்தியாசத்துக்கும் சேத்து ஒரு மூணுல ஒரு பங்கு கூட்டினா 40. இப்ப 1 மில்லிமீட்டர் வயர அந்த குழாய சுத்தி ஒரு ரிங் போட்டா நீளம் 43 மில்லிமீட்டர், கன அளவு கிட்டத்தட்ட 34, கேப்ப நிரப்பும் ஆனா ஃபில்லட்டுக்கு கஞ்சத்தனமா இருக்கும். 1.2 மில்லிமீட்டர் வயர் போட்டா 49 வரும், அதுதான் சரியான தேர்வு. 1.6 போட்டா 90, தேவைக்கு ரெண்டு மடங்குக்கு மேல, மிச்சம் எல்லாம் குழாய்க்குள்ளயோ வெளியயோ வழிஞ்சு நிக்கும். பாத்தீங்களா, வயர் தடிமன்ல 0.4 மில்லிமீட்டர் கூடினதுக்கு மெட்டல் கிட்டத்தட்ட இரட்டிப்பாகுது, அதனால கண் திட்டத்துல வயர் எடுக்காதீங்க. இதே கணக்க ராடுக்கும் போடலாம், 1.6 மில்லிமீட்டர் ராட்ல 40 கன மில்லிமீட்டர்ங்கிறது 2 சென்டிமீட்டர் நீளம்தான், அந்த ஜாயின்ட்டுக்கு அதுக்கு மேல ஊட்டினா வீண்.

ரிங் நீங்களே சுத்தலாம். குழாய் விட்டத்தவிட கொஞ்சம் சின்னதா ஒரு கம்பி எடுத்து அதுல ஸ்பிரிங் மாதிரி நெருக்கமா சுத்துங்க, விட்டா கொஞ்சம் விரியும், அதுக்குத்தான் சின்ன கம்பி. அப்புறம் நீளவாக்குல ஒரே கோட்டுல மெல்லிசு ரம்பத்தால அறுத்தா ரிங் ரிங்கா உதிரும். கட்டிங் பிளையர்ல வெட்டினா முனை நசுங்கி கூரா நிக்கும், குழாயோட ஒட்டி உக்காராது. வயர்ல இழுக்கும்போது தடவின எண்ணெய் இருக்கும், அசிட்டோன்ல கழுவிட்டு போடுங்க. ரிங் குழாய இறுக்கிப் பிடிச்சிருக்கணும், லூசா இருந்தா சூட்டுல இன்னும் விரிஞ்சு, பீஸத் தொடாம தனியா தொங்கும், பீஸ் சூடாகியும் ரிங்குக்கு சூடு வராது, இல்லன்னா ஃப்ளேம் பட்டு அது மட்டும் முன்னாடியே உருகி சொட்டிடும்.

ரிங்க எங்க வைக்கிறதுங்கிறதுதான் இதுல உள்ள நிஜமான கலை. சாக்கெட் வாய்க்கு வெளிய வச்சா வைக்க சுலபம், ஆனா ஃப்ளேம் நேரா அது மேல படும், அதோட உள்ள முழுசா ஓடுச்சான்னு வெளிய இருந்து தெரியாது. சாக்கெட்டுக்கு உள்ள ஒரு காடி வெட்டி, இல்ல அடியில உள்ள படி மேல ரிங்க வச்சு அதுக்கு மேல குழாய சொருகினா, ஃபில்லர் உள்ள இருந்து வெளிய ஓடி வரும். சுத்திலும் ஒரு பளபளப்பான கோடு வெளிய தெரிஞ்சுதுன்னா முழு நீளமும் நிரம்பிடுச்சுன்னு கண்ணாலயே உறுதி பண்ணிக்கலாம். எனக்கு கேட்டா டிசைன் உங்க கைல இருக்குற எந்த வேலையா இருந்தாலும் ரிங் உள்ளதான் இருக்கணும். காடி வெட்டுறதுன்னா ரெண்டு பீஸ்ல எது தடிமனோ அதுல வெட்டுங்க, மெல்லிசு குழாய்ல வெட்டி பலவீனப்படுத்தாதீங்க.

இண்டக்ஷன்ல, அதாவது மின்சாரம் ஓடுற காயில வச்சு சூடு பண்றீங்கன்னா ரிங் காயிலுக்கு ரொம்ப பக்கத்துல வராம பாத்துக்கோங்க, சூடு பீஸ் வழியா வரணும்.

ரிங்குக்கு அலாய் தேர்ந்தெடுக்குறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. சில அலாய் ஒரே புள்ளில உருகும், 72 சதவீத வெள்ளி 28 சதவீத காப்பர் கலவை அப்படித்தான், 780 டிகிரில உருக ஆரம்பிச்சு அங்கயே முடிச்சிடும். சில அலாய் உருக ஆரம்பிக்கிறதுக்கும் முடிக்கிறதுக்கும் ரொம்ப தூரம் இருக்கும், 15 சதவீத வெள்ளி இருக்குற காப்பர் பாஸ்பரஸ் அலாய் 643ல ஆரம்பிச்சு 802லதான் முழுசா முடியும். டார்ச்ல வேகமா சூடு பண்றப்போ இது பிரச்சினையே இல்ல, சொல்லப்போனா பெரிய கேப்ப நிரப்ப அந்த கூழ் பதம் உதவும். ஆனா ஃபர்னஸ்ல மெதுவா சூடாகும்போது முதல்ல உருகுற பாகம் மட்டும் கேப்புக்குள்ள ஓடிப்போயிட்டு, வெள்ளி, பாஸ்பரஸ் கம்மியான மிச்சம் ஒரு கட்டியா ரிங் இருந்த இடத்துலயே நின்னுடும், அது அப்புறம் உருகவே மாட்டேங்குது. ராடா கைல ஊட்டுறப்போ வராத இந்த வில்லங்கம் ரிங்கா வச்சப்போ வருது பாருங்க. அதனால மெதுவா சூடாகுற வேலைக்கு உருகுற எல்லை குறுகலா இருக்குற அலாய எடுங்க, 56 சதவீத வெள்ளி டின் கலந்த அலாய் 618ல இருந்து 652க்குள்ள முடிச்சிடும்.

ஃபாயில், அப்புறம் மூணு அடுக்கு ஸ்ட்ரிப்

ரெண்டு தட்டையான முகம் ஒண்ணு மேல ஒண்ணு உக்கார்ற ஜாயின்ட்ல ஓரத்துல இருந்து ராட் ஊட்டி நடுவரைக்கும் ஓட வைக்கிறது ரொம்ப கஷ்டம், நடுவுல காத்தும் ஃப்ளக்ஸும் சிக்கி வெற்றிடம் நிக்கும். அங்க முகத்தோட அளவுக்கே ஃபாயில வெட்டி நடுவுல வைங்க. ஃபாயில் பொதுவா 0.05, 0.1 மில்லிமீட்டர் தடிமன்ல வரும். மறக்கக்கூடாதது ஒண்ணுதான், ஃபாயில் உருகும்போது மேல இருக்குற பீஸ் அந்த தடிமன் அளவுக்கு கீழ இறங்கணும், அதுக்கு வழி விடணும். ஜிக்குல போல்ட் போட்டு அசையாம இறுக்கிட்டா ஃபாயில் இருந்த இடம் அப்படியே வெறும் கேப்பா நிக்கும், அதனால மேல ஒரு வெயிட் வைங்க, இல்ல ஸ்பிரிங் அழுத்தம் கொடுங்க.

கார்பைடு டிப்ப ஸ்டீல் ஷேங்க்ல, அதாவது டூலோட தண்டுல, ஒட்டுறவங்களுக்கு மூணு அடுக்கு ஸ்ட்ரிப் கட்டாயம் தெரிஞ்சிருக்கணும். நடுவுல காப்பர், ரெண்டு பக்கமும் வெள்ளி அலாய், தடிமன் விகிதம் பொதுவா 1க்கு 2க்கு 1. பிரேஸிங் சூட்டுல வெள்ளி அலாய் 700 டிகிரி பக்கத்துல உருகிடும், காப்பர் 1083ல தான் உருகும்ங்கிறதால அது அப்படியே நடுவுல நிக்கும். எதுக்கு இவ்வளவு சிரமம்னா, ஸ்டீல் சூட்டுல விரியிறதுல பாதி அளவுதான் டங்ஸ்டன் கார்பைடு விரியும். குளிரும்போது ஸ்டீல் அதிகமா சுருங்கப் பாக்கும், கார்பைடு கூட வராது, அந்த இழுபறில கார்பைடு விரிசல் விட்டுடும். நடுவுல இருக்குற மெத்துனு காப்பர் அந்த இழுவைய தான் வாங்கிக்கும். சின்ன டிப்புக்கு சாதா ஸ்ட்ரிப்பே போதும், டிப் நீளம் ஒரு சென்டிமீட்டர தாண்டினாலே மூணு அடுக்குக்கு மாறிடுங்க. அலாய்ல நிக்கல் இருக்குறதா பாருங்க, கார்பைட நல்லா நனைக்கும், 50 சதவீத வெள்ளியோட 2 சதவீத நிக்கல் இருக்குற அலாய் இதுக்கு பேர் போனது.

வைக்கிற முறை: ஷேங்க் இருக்கைய அரைச்சு சுத்தம் பண்ணுங்க, ரெண்டு முகத்துலயும் ஸ்ட்ரிப்போட ரெண்டு பக்கத்துலயும் ஃப்ளக்ஸ், அப்புறம் அடுக்கி, கீழ ஷேங்க்குல இருந்து சூடு பண்ணுங்க, டிப் மேல ஃப்ளேம் வேண்டாம். ரெண்டு பக்கமும் உருகி பளபளன்னு ஆனதும் ஒரு கம்பியால டிப்ப லேசா முன்னும் பின்னும் நகத்தி விடுங்க, உள்ள சிக்கின ஃப்ளக்ஸ் வெளிய வந்துடும், அதுக்கப்புறம் மெதுவா அழுத்திப் பிடிங்க, நசுக்கி எல்லா வெள்ளியையும் வெளியேத்திடாதீங்க. தண்ணில முக்காதீங்க, தானா ஆறட்டும்.

பேஸ்ட்

பேஸ்ட்ங்கிறது அலாய் பவுடரும், அத கூழா சேத்துப் பிடிக்கிற பைண்டரும், தேவைப்பட்டா ஃப்ளக்ஸும் கலந்தது. ரிங்கும் வாஷரும் பொருந்தாத கோணல் மாணலான ஜாயின்ட்டுக்கு, சிரிஞ்சுலயோ காத்தழுத்த டிஸ்பென்சர்லயோ அளவா சொட்டு வைக்க, இத விட வசதி எதுவும் இல்ல. ஃப்ளக்ஸ் இருக்குற பேஸ்ட் டார்ச்சுக்கும் இண்டக்ஷனுக்கும், ஃப்ளக்ஸ் இல்லாதது ஹைட்ரஜன், வேக்கம் மாதிரி காத்து இல்லாத ஃபர்னஸுக்கு. இத மாத்தி வாங்கிட்டா ரெண்டுமே கெடும், ஃப்ளக்ஸ் பேஸ்ட் வேக்கம் ஃபர்னஸ அசிங்கப்படுத்தும், ஃப்ளக்ஸ் இல்லாத பேஸ்ட் டார்ச்ல கருகி உருண்டு நிக்கும்.

அளவு விஷயத்துல ஏமாறாதீங்க. லேபிள்ல 85 சதவீதம் மெட்டல்னு போட்டிருக்கும், அது எடைல. வெள்ளி அலாயோட அடர்த்தி 9 பக்கம், பைண்டரோடது 1 பக்கம், கன அளவுல பாத்தா மெட்டல் 40 சதவீதம்தான் வரும். அப்ப மேல சொன்ன ஜாயின்ட்டுக்கு 40 கன மில்லிமீட்டர் மெட்டல் வேணும்னா 100 கன மில்லிமீட்டர் பேஸ்ட் வைக்கணும், ரெண்டரை மடங்கு. எடை பாத்து வைக்கிறது இன்னும் நல்லது, 40 கன மில்லிமீட்டர்னா 0.36 கிராம் மெட்டல், பேஸ்ட்டா 0.42 கிராம் சொச்சம்.

இன்னொண்ணு, பேஸ்ட்ட கேப்புக்குள்ள திணிக்காதீங்க. உள்ள நிரப்பினா பைண்டர் எரிஞ்சு போன இடம் ஓட்டையா நிக்கும். ஜாயின்ட் வாய் ஓரத்துல ஒரு கோடா வைங்க, உருகினதும் கேப் தானா இழுத்துக்கும். சூடு மெதுவா ஏத்துங்க, முதல்ல காயட்டும், அப்புறம் பைண்டர் புகையா போகட்டும், அவசரப்பட்டு ஃப்ளேம நேரா காட்டினா உள்ள கொதிச்சு பேஸ்ட் தெறிச்சுடும். ஃப்ளேம பீஸோட பின்பக்கத்துல இருந்து கொடுக்க முடிஞ்சா அதுதான் உத்தமம்.

பேஸ்ட்டுக்கு ஆயுசு உண்டு. நாளாக நாளாக கனமான பவுடர் அடியில படியும், மேல பைண்டர் தேங்கும், அந்த சிரிஞ்சுல முதல்ல வர்ற சொட்டுல மெட்டலே இருக்காது, கடைசில வர்றது கட்டியா அடைச்சுக்கும். லேபிள்ல இருக்குற தேதிய பாருங்க, சொன்ன வெப்பநிலைல வைங்க, ஜாடில வாங்கினா ஒவ்வொரு தடவையும் நல்லா கிளறிட்டு எடுங்க.

பவுடர், டேப், அமார்ஃபஸ் ஃபாயில்: நிக்கல் அலாய் பக்கம்

ஜெட் இன்ஜின் பாகம், ஸ்டெயின்லெஸ் ஹீட் எக்ஸ்சேஞ்சர்னு சூடும் துருவும் தாங்க வேண்டிய இடத்துல நிக்கல் ஃபில்லர்தான். இதுல உருகுநிலைய இறக்க போரான், சிலிக்கான், பாஸ்பரஸ் சேப்பாங்க, அதுங்கதான் இந்த அலாய கண்ணாடி கணக்கா ஒடிய வைக்குது, அதனால சாதாரண முறைல வயரா இழுக்கவோ தகடா உருட்டவோ வழியில்ல. அப்படியே உருகின மெட்டல வாயு ஊதி பவுடராக்கி விப்பாங்க, அத பேஸ்ட்டாவோ, பைண்டர் ஸ்ப்ரே பண்ணி மேல தூவியோ போடலாம். பவுடர பிளாஸ்டிக் பைண்டர்ல சேத்து ஒரு பக்கம் ஒட்டுற பசையோட டேப்பாவும் தர்றாங்க, கத்தரில வெட்டி ஒட்டிக்க வேண்டியதுதான்.

இதுக்கு ஒரு அழகான வழியும் கண்டுபிடிச்சாங்க. உருகின அலாய வேகமா சுத்துற குளிர்ந்த சக்கரத்து மேல பாய்ச்சினா நொடிக்கு பத்து லட்சம் டிகிரி அளவு வேகத்துல உறைஞ்சுடும், அணுக்கள் ஒழுங்கா அடுக்கிக்கவே நேரம் இருக்காது. அப்படி வர்ற அமார்ஃபஸ் ஃபாயில் 25ல இருந்து 50 மைக்ரான் தடிமன், அதே ஒடியிற அலாய்தான் ஆனா இப்ப வளையும், வெட்டலாம், பஞ்ச் பண்ணலாம். பைண்டரே கிடையாது, ஃபர்னஸ்ல புகையும் இல்ல, கரி படியிறதும் இல்ல. தட்டையான முகம் கிடைச்சா பேஸ்ட்ட விட்டுட்டு இத எடுங்கன்னுதான் நான் சொல்லுவேன். வளைவான, உள்ளடங்கின ஜாயின்ட்டுக்கு மட்டும் பேஸ்ட்.

நிக்கல் அலாய்ல கேப் இன்னும் முக்கியம். 7 சதவீத குரோமியம், 3 சதவீத போரான் இருக்குற பிஎன்ஐ-2ங்கிற நிக்கல் அலாய் 971ல இருந்து 999க்குள்ள உருகும், கேப் 0.05 மில்லிமீட்டர் பக்கத்துல இருந்தா போரான் பக்கத்து மெட்டலுக்குள்ள ஊறிப்போயிடும், கேப் பெருசானா ஊற வழியில்லாம நடுக்கோட்டுல ஒடியிற படிவமா தங்கிடும்.

வேக்கம் ஃபர்னஸ்னா இன்னொரு கட்டுப்பாடு: ஜிங்க், காட்மியம் இருக்குற எந்த அலாயும், அது வயரோ ரிங்கோ, உள்ள போகக்கூடாது. ஆவியாகி ஃபர்னஸ் சுவத்துல படிஞ்சுடும். வெள்ளி காப்பர் 72க்கு 28, சுத்தமான காப்பர், நிக்கல் அலாய், தங்கம் 82 நிக்கல் 18, இதெல்லாம் போகலாம்.

கிளாட் ஷீட்

கார் ரேடியேட்டர பிரிச்சுப் பாத்தா எங்கயும் ஃபில்லர் வச்ச அடையாளமே தெரியாது, ஏன்னா ஃபில்லர் ஷீட்லயே ஒட்டி வருது. நடுவுல 3003 அலுமினியம், மேல ஒரு பக்கமோ ரெண்டு பக்கமோ 5ல இருந்து 10 சதவீத தடிமனுக்கு சிலிக்கான் கலந்த 4343 இல்ல 4045. மேல் அடுக்கு 577ல உருக ஆரம்பிக்கும், நடு ஷீட் 643 வரைக்கும் தாங்கும், ஃபர்னஸ் 600 டிகிரிய ஒட்டி ஓடும். பொட்டாசியம் ஃப்ளூரோஅலுமினேட் ஃப்ளக்ஸ் 565 பக்கம் உருகி முன்னாடியே ஆக்ஸைட எடுத்துக் கொடுத்திடும். ஆயிரக்கணக்கான ஃபின் ஜாயின்ட் ஒரே ஓட்டத்துல முடியும், வேற எந்த வடிவத்தாலயும் இது நடக்காது.

இந்த ஷீட்ட கையாளுறவங்க மேல் அடுக்க எமரி போட்டு தேய்க்கக்கூடாது, தேய்ச்சா ஃபில்லரயே தேய்ச்சு எடுக்குறீங்கன்னு அர்த்தம், கிரீஸ் எடுக்க சால்வென்ட் போதும். எந்தப் பக்கம் கிளாட்னு சந்தேகம்னா ஓரத்துல ஒரு துண்டு வெட்டி காஸ்டிக் சோடா கரைசல்ல போட்டுப் பாருங்க, சிலிக்கான் இருக்குற பக்கம் கருத்துடும். கையுறை, கண்ணாடி இல்லாம அந்த கரைசல தொட வேண்டாம்.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

லேபிள் இல்லாத ராட், வயர் எதையும் நிறத்த வச்சு யூகிக்காதீங்க. நுனில இருக்குற கலர் பெயின்ட் ஒரு கம்பெனிக்கு ஒரு அர்த்தம், இன்னொரு கம்பெனிக்கு வேற. பழைய ஸ்டாக்ல காட்மியம் இருக்குற வெள்ளி ராட் கிடக்க வாய்ப்பு உண்டு, 45 சதவீத வெள்ளியோட 24 சதவீத காட்மியம் சேத்த அலாய் ஒரு காலத்துல ரொம்ப சகஜம், 618ல முழுசா ஓடிடும்னு எல்லாரும் விரும்பினது, ஆனா அதோட புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், அளவு மீறினா உயிருக்கே ஆபத்து. அடையாளம் தெரியாத ராட வேலைக்கு எடுக்காதீங்க. மத்த அலாய்லயும் ஃப்ளக்ஸ்ல ஃப்ளூரைடு இருக்கு, ஜிங்க் புகையும் வரும், காத்தோட்டம் இல்லாத இடத்துல பண்ணாதீங்க.

ஆர்டர் போடும்போது அலாய் நம்பர் மட்டும் எழுதி அனுப்பாதீங்க. வடிவம், தடிமன், பேஸ்ட்டுன்னா ஃப்ளக்ஸ் உண்டா இல்லையா, பவுடர்னா மெஷ் (சல்லடை) அளவு, ரிங்குன்னா உள் விட்டமும் வயர் தடிமனும் எழுதுங்க. அலாய் நம்பருக்கு அமெரிக்கன் வெல்டிங் சொசைட்டியோட ஏ5.8 இல்ல ஐஎஸ்ஓ 17672 பேர குறிப்பிட்டா குழப்பம் வராது.

புது வடிவத்துக்கு மாறும்போது மொத்தமா வாங்குறதுக்கு முன்னாடி நாலஞ்சு ஜாயின்ட் மட்டும் பண்ணி, ஆறின உடனே நீளவாக்குல அறுத்துப் பாருங்க. கேப் முழுசும் ஒரே கோடா நிரம்பியிருந்தா அளவு சரி. ஓரம் நிரம்பி நடு காலியா இருந்தா சூடு உள்ள போகல, இல்ல ரிங் தப்பான பக்கம் இருக்கு. சின்ன சின்ன உருண்டை ஓட்டையா தெரிஞ்சா பேஸ்ட் பைண்டரோ ஃப்ளக்ஸோ சிக்கியிருக்கு, சூட்ட மெதுவாக்குங்க. ரிங் இருந்த இடத்துல உருகாத கட்டி நின்னா உருகுற எல்லை குறுகலான அலாய்க்கு மாறுங்க, இல்ல சூட்ட வேகமா ஏத்துங்க. எல்லாம் நிரம்பி வெளிய நிறைய வழிஞ்சிருந்தா ஒரு சைஸ் மெல்லிசு வயர் போட்டு திரும்ப அறுத்துப் பாருங்க.